"குடும்பம் இருக்கிறதா?" என்று கேட்கும் திரை: பி.எஃப். இணையவழி நாமினி பதிவு, ஒரு மதிப்பீடு

வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருக்கும் பணம் நம் காலத்துக்குப் பிறகு யார் கைக்குப் போக வேண்டும் என்பதைப் பதிந்து வைப்பதற்காக, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் உறுப்பினர் தளத்தில் 'இ-நாமினேஷன்' என்றொரு பகுதி இருக்கிறது. பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் 27 ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியலும் பி.எஃப். கணக்கும் பார்த்து வருகிறேன். எனக்கும், என்னோடு வேலை பார்ப்பவர்களில் நூறு பேருக்கு மேலானவர்களுக்கும் இந்தப் பகுதியில் நாமினி பதிந்து கொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். இது நல்ல சேவை. பி.எஃப். பிடித்தம் உள்ள ஒவ்வொருவரும் தள்ளிப்போடாமல் பயன்படுத்த வேண்டிய சேவை. ஆனால் அதன் திரையில் வரும் ஒரு கேள்வியின் பொருளை அறியாமல் பதில் சொன்னால், பதிந்த பெயர் செல்லாமலே போய்விடக்கூடும். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் என் அப்பா. அவர் 1965-இல் ஒரு ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். சேர்ந்த அன்று நீட்டிய படிவங்களில் ஒன்று வாரிசுப் படிவம். அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை; ஆகவே அப்பத்தாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். 1970-இல் திருமணம் ஆனது, நாங்கள் மூன்று பேர் பிறந்தோம், 1992-இல் அக்காவைக் கட்டிக் கொடுத்தார், 1994-இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அந்த 29 ஆண்டுகளில் ஒருவர்கூட அவரிடம் "படிவத்தை மாற்றி எழுதிவிட்டீர்களா?" என்று கேட்கவில்லை. ஆலை அலுவலகம் தேடி எடுத்துக் கொடுத்த பழைய நகலில் அப்பத்தாவின் பெயர் மட்டுமே இருந்ததைப் பார்த்த அம்மா, பணம் முழுவதும் மாமியாருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்பத்தாவும் அப்படியே நினைத்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் பல மாதங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உண்மையில் அந்தப் படிவம் அப்பாவின் திருமணத்தோடு செல்லாததாகிவிட்டது. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 61-ஆவது பத்தி, உறுப்பினர் திருமணம் செய்துகொண்டதும் புதிதாக நாமினி எழுத வேண்டும் என்றும், திருமணத்துக்கு முன் எழுதியது செல்லாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. செல்லத்தக்க நாமினி இல்லாத நிலையில் 70-ஆவது பத்தி வருகிறது. அதன்படி பணம் குடும்ப உறுப்பினர்களுக்குச் சம பங்காகப் பிரியும். ஆனால் வேறு குடும்ப உறுப்பினர் யாராவது இருந்தால், வயது வந்த மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் மணமான மகளுக்கும் பங்கு இல்லை. ஆகவே அம்மா, அப்பாவை நம்பியிருந்த அப்பத்தா, மணமாகாத நான், பதினாறு வயதுத் தம்பி என்று நான்கு பங்காயிற்று. அக்காவுக்கு ஒன்றுமில்லை. தாசில்தார் அலுவலகத்துக்கும் ஆலைக்குமாக அலைந்து அந்தப் பணம் கைக்கு வர 17 மாதங்கள் ஆயின. அக்கா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பிக்கு அப்போது பதினெட்டு நிறைந்திருந்தால் அவனுக்கும் கிடைத்திருக்காது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, இணையவழிச் சேவையின் முதல் சிறப்பு அது முதலாளியின் மேசையைத் தாண்டிப் போவதுதான். காகிதப் படிவம் 2 இருந்த காலத்தில் தொழிலாளி எழுதிக் கொடுப்பார், ஆலை சான்றொப்பம் இட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா, எந்தக் கட்டில் கிடக்கிறது என்பது இறந்த பிறகுதான் தெரியவரும். இப்போது பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணும், கடவுச்சொல்லும், ஆதாரோடு இணைத்த கைபேசியும் இருந்தால் போதும். 'மேனேஜ்' என்ற தலைப்பின் கீழ் 'இ-நாமினேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, குடும்பத்தினரின் பெயர், பிறந்த தேதி, உறவு, ஆதார் எண், முகவரி ஆகியவற்றை நிரப்பி, புகைப்படத்தை ஏற்றி, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று மொத்தம் நூறு வருமாறு பிரித்து எழுதி, கடைசியாக ஆதார் ஓ.டி.பி. மூலம் இ-சைன், அதாவது மின்னணுக் கையொப்பம், செய்தால் வேலை முடிந்தது. யாருடைய முத்திரையும் தேவையில்லை, கட்டணம் இல்லை. பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகக் கையொப்பமிட்டதே நிற்கும். கையொப்பமான பிரதியைத் தரவிறக்கி அச்செடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியும். அப்பாவின் படிவத்துக்காக அம்மா ஆலை வாசலில் நின்ற நாட்களை நினைத்தால் இது சிறிய மாற்றம் அல்ல.

இதில் ஒரு குழி இருக்கிறது. விவரங்களை நிரப்பிச் 'சேவ்' கொடுத்ததும் திரை அதை ஏற்றுக்கொள்வதால், பலர் அத்துடன் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார்கள். இ-சைன் செய்யும்வரை அது நிலுவையில் கிடக்கும் வரைவுதான், நாமினி ஆகாது. என்னிடம் "போன வருஷமே போட்டுட்டேங்க" என்று சொன்னவர்களில் பலருடைய கணக்கைத் திறந்து பார்த்தபோது அது கையொப்பம் இல்லாமலே நின்றது. நீங்களும் இதைப் படித்து முடித்ததும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் தளம் ஆங்கிலத்தில் முதலில் கேட்பது, "உங்களுக்குக் குடும்பம் இருக்கிறதா?" என்பதுதான். ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். நம் பேச்சு வழக்கில் குடும்பம் என்றால் பெண்டு பிள்ளைகள் என்று பொருள். குடும்பஸ்தர் என்றால் மணமானவர். ஆகவே மணமாகாத இளைஞர்கள் யோசிக்காமல் "இல்லை" என்பதைத் தொட்டுவிடுகிறார்கள். திட்டத்தின் சொல்லகராதி வேறு. ஆணுக்குக் குடும்பம் என்றால் மனைவி, மணமானாலும் ஆகாவிட்டாலும் பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவியும் பிள்ளைகளும். பெண்ணுக்குக் கணவர், பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர், கணவரை நம்பியிருக்கும் அவருடைய பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவியும் பிள்ளைகளும். சம்பாதிக்கும் மகனை நம்பி அப்பாவோ அம்மாவோ இருந்தால், அவன் மணமாகாதவனாக இருந்தாலும் அவனுக்குக் குடும்பம் உண்டு. குடும்பம் இருப்பவர் அந்தக் குடும்பத்துக்குள் மட்டுமே நாமினி எழுத முடியும். வெளியே எழுதினால் அது செல்லாது. பட்டியலை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை அதில் இல்லை.

இந்த இடத்தில் எத்தனை பேர் இடறுகிறார்கள் என்பதைச் சொல்ல ஒரு நிகழ்ச்சியை விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஆலை விடுதியில் தங்கி நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் சைடராக வேலை பார்க்கும் தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரவு ஷிப்ட் முடிந்து தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, கைபேசியோடு என் மேசைக்கு வந்தாள். "குடும்பம் இருக்கான்னு கேக்குதுக்கா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே, இல்லைன்னு போட்டுரட்டுமா?" என்றாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா இல்லை, அப்பா கட்டடத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில், ஒரு தங்கை செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அந்தப் படிப்புக்காகத்தான் இவள் ஆலைக்கே வந்திருக்கிறாள். நாமினியாகத் தங்கை பெயரைத்தான் போட வேண்டும் என்று முடிவு செய்து, தங்கையின் ஆதார் நகலையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

அவளுடைய சம்பளத்தில் வாழும் அப்பா இருப்பதால் அவளுக்குக் குடும்பம் உண்டு. ஆகவே "ஆம்" என்றுதான் சொல்ல வேண்டும், பி.எஃப். பணத்துக்குத் தங்கையை எழுத முடியாது என்று விளக்கினேன். அவள் முகம் வாடிப்போயிற்று. "அப்பா பேர்ல வந்தா சித்தப்பா வாங்கிருவாருக்கா" என்றாள். எனக்கும் அந்த விதியில் உடன்பாடு இல்லை. உடன்பிறந்தவர்களைப் படிக்க வைப்பதற்காகவே பெண் பிள்ளைகள் வேலைக்கு வரும் ஊர்களில், தம்பி தங்கையைக் குடும்பமாக எண்ணாத ஒரு வரையறை நியாயமாகாது. ஆனாலும் விதி மாறும்வரை அதற்குள் நின்றுதான் வழி தேட வேண்டும்.

வழி ஒன்று இருந்தது, பாதி வழி. பி.எஃப். என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று பைகள் இருக்கின்றன. தொழிலாளியின் 12 விழுக்காடும், முதலாளி தரும் 12 விழுக்காட்டில் ஓய்வூதியம் போக மீதியும் சேர்வது முதல் பை, அதுதான் வருங்கால வைப்பு நிதி. முதலாளியின் பங்கிலிருந்து, 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு 8.33 விழுக்காடு போவது 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டம். முதலாளி மட்டுமே தனியாகக் கட்டுவது 1976-ஆம் ஆண்டு வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டம். காப்பீட்டுப் பணம் பி.எஃப். நாமினிக்கே போகும். ஓய்வூதியத்துக்கோ குடும்பம் என்ற சொல்லுக்கு வேறு பொருள். அங்கே பெற்றோர் குடும்பத்தில் சேர மாட்டார்கள். கணவர் அல்லது மனைவியும் பிள்ளைகளும் மட்டும்தான். அவர்கள் யாரும் இல்லாதவர் தாம் விரும்பும் ஒருவரை ஓய்வூதியத்துக்கு நாமினியாக எழுதலாம். உறுப்பினர் இறந்தால் விதவை ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை அவருக்கு மாதந்தோறும் வரும். எழுதாமல் விட்டிருந்தால் நம்பியிருந்த தந்தைக்கும், அவருக்குப் பின் தாய்க்கும் போகும். ஆகவே அதே பெண், அதே நாளில், பி.எஃப். பணத்துக்கு "குடும்பம் உண்டு" என்று அப்பாவையும், ஓய்வூதியத்துக்கு "குடும்பம் இல்லை" என்ற நிலையில் தங்கையையும் எழுதலாம். இரண்டும் சரியே. இதைக் கேட்டுத்தான் அவள் சற்றுத் தெளிந்தாள்.

தளத்தின் மீது என் முதன்மையான குறை இதுதான். ஒரே சொல் இரண்டு திட்டங்களில் இரண்டு பொருள் தரும்போது, கேள்விக்குக் கீழே தமிழில் நான்கு வரி விளக்கம் இருந்தால் எத்தனையோ தவறுகள் நேராமல் இருக்கும். உறவுகளின் பட்டியலைக் காட்டி, "இவர்களில் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாலே போதும். எங்கள் ஆலையில் அந்தப் பட்டியலை நானே பெரிய எழுத்தில் எழுதி, வருகைப்பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற ஆலை அலுவலகங்களில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம். யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

மணமானவர்களுக்கு ஓய்வூதியத்தில் தேர்வு என்று ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணவரையோ மனைவியையோ விலக்கி வேறொருவரை அங்கே எழுத இயலாது. மனைவிக்கு, அல்லது கணவருக்கு, வாழ்நாள் முழுவதும் அல்லது மறுமணம் வரை வரும். கூடவே ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் அதில் 25 விழுக்காடு, 25 வயதுவரை வரும். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கு 75 விழுக்காடு. இதற்காகவே நாமினி பங்கில் பெயர் எழுதாத பிள்ளைகளின் விவரங்களையும் குடும்பப் பட்டியலில் விடாமல் நிரப்பச் சொல்கிறேன். பணத்துக்கு ஒருவர் பெயரை மட்டும் எழுதினாலும், குடும்பப் பட்டியல் முழுமையாக இருந்தால் பின்னால் ஓய்வூதியம் கேட்கும்போது பிள்ளைகள் யார் என்று நிரூபிக்கும் பாடு குறையும்.

திருமணமானதும் பழைய நாமினி செல்லாது என்ற விதி, என் கண்ணில் இந்தத் திட்டத்திலேயே அதிகம் மறக்கப்படும் விதி. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லி அனுப்புகிறேன். சென்ற ஆவணியில் மணமான எங்கள் பராமரிப்புப் பிரிவுத் தம்பி ஒருவர், "அம்மா பேரை எடுத்துட்டா அம்மா மனசு கஷ்டப்படுங்க அக்கா" என்று தயங்கினார். எடுக்க வேண்டியதில்லை, அம்மா அவரை நம்பியிருப்பவர், ஆகவே மனைவியையும் அம்மாவையும் சேர்த்தே எழுதலாம், எந்த விகிதத்திலும் எழுதலாம் என்று சொன்னேன். மறுநாள் இருவரையும் அழைத்துவந்துவிட்டார். புகைப்படத்தில் முகம் பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு காதுகளும் தெரிய வேண்டும் என்பது தளத்தின் கட்டளை. தலையில் முக்காடு போட்டே பழகிய அந்த அம்மாளை ஆலையின் வெள்ளைச் சுவரோரம் நிற்க வைத்து, மருமகள் சேலைத் தலைப்பை இருபுறமும் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள, மகன் கைபேசியில் படமெடுத்தார். நான்காவது படத்தில்தான் இரண்டு காதும் வந்தன. ஆளுக்கு ஐம்பது என்று எழுதி, மூன்று பேர் முன்னிலையில் இ-சைன் செய்தார். யாருக்கு எவ்வளவு என்பது அன்றே அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் 1994-இல் இல்லாமல் போனது அதுதான்.

பெயர்ப் பொருத்தம் நம் ஊருக்கே உரிய தொல்லை. ஆதாரில் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்து, ஆலைப் பதிவேட்டில் முன்னால், பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முழுப்பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்பார். உறுப்பினரின் சொந்த விவரம் ஆதாரோடு ஒத்துப்போன பிறகுதான் நாமினி பக்கம் போக வேண்டும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் வழியாக யு.ஏ.என். பெற்றவர்கள் இந்தத் திருத்தங்களை 2025 ஜனவரி முதல் முதலாளியைக் கேட்காமலே செய்துகொள்ள முடிகிறது. பழைய உறுப்பினர்களுக்கு அந்த வசதி இல்லாததால், முதலாளியோடு சேர்ந்து கூட்டு அறிவிப்பு கொடுத்துத்தான் திருத்த வேண்டும். ஓய்வு நெருங்கியவர்களே அந்தப் பழைய உறுப்பினர்கள் என்பதால், அவர்கள் இதை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

கணவர் விட்டுப் போன பெண்கள் ஆலைகளில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு விதியைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத் திரையில் அது கண்ணில் படாது. பெண் உறுப்பினர் ஒருவர், தம் கணவரைக் குடும்பத்திலிருந்து விலக்க விரும்புவதாக வருங்கால வைப்பு நிதி ஆணையருக்கு எழுத்து மூலம் அறிவித்தால், கணவரும் அவருடைய பெற்றோரும் இந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை குடும்பமாகக் கருதப்பட மாட்டார்கள். காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. நீதிமன்றத்துக்கும் போக வேண்டியதில்லை. பின்னால் மனம் மாறினால் அதே போல எழுதி ரத்து செய்துகொள்ளலாம். நாமினி எழுதியிருக்கும்வரை பணம் நாமினிக்கே போகும் என்றாலும், ஏதோ காரணத்தால் நாமினி செல்லாமல் போனால் சம பங்குக்கு வந்து நிற்கும் முதல் ஆள் கணவராகத்தான் இருப்பார். பத்து வருடமாக எட்டிப் பார்க்காத மனிதருக்கு அந்தப் பணம் போவதை ஒரு கடிதம் தடுத்துவிடும். ஆண் உறுப்பினருக்கு இது இவ்வளவு எளிதல்ல. மனைவி தமக்குரிய சட்டப்படியோ வழக்கப்படியோ ஜீவனாம்சம் பெறும் உரிமையை இழந்துவிட்டார் என்று அவர் நிரூபிக்க வேண்டும்.

மைனர் பிள்ளைகளை எழுதும்போது காப்பாளர் விவரம் தவறாமல் வேண்டும். நாமினி நமக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தப் பங்கு நம்மிடமே திரும்பிவிடும் என்பதால் உடனே புதிதாக எழுத வேண்டும். இவை இரண்டையும் விதியாக நினைவில் வைத்தால் போதும்.

கடனைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கணவர் வாங்கிய கடனுக்குப் பி.எஃப். பணத்தைப் பிடித்துக்கொள்வார்களா என்பது விதவைகளின் முதல் பயமாக இருக்கிறது. வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: உறுப்பினர் இறந்தபின் திட்டப்படி நாமினிக்குச் சேர வேண்டிய தொகை, இறந்தவரோ நாமினியோ அதற்கு முன் பட்ட எந்தக் கடனுக்கும் கட்டுப்படாது. துக்க வீட்டுக்கே வந்து, "பி.எஃப். வந்ததும் கொடுத்துவிட வேண்டும்" என்று எழுதி வாங்க முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் எவ்வளவு தைரியமாக இருந்திருக்கும்.

இந்தச் சேவையின் பயன் முழுவதும் தெரிவது உரிமை கோரும் நாளில்தான். கார்டிங் பிரிவில் இருந்த ஒருவர் சென்ற ஆண்டு சாலை விபத்தில் இறந்தார். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் என் மேசையில் உட்கார்ந்து மனைவி பெயரைப் பதிந்திருந்தார். அந்தப் பெண் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தபோது, தளத்தின் முகப்பிலேயே இருக்கும் பயனாளி மரண உரிமைகோரல் இணைப்பைத் திறந்து, கணவரின் யு.ஏ.என்., தன் ஆதார், தன் கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. ஆகியவற்றைக் கொண்டு, இறப்புச் சான்றிதழை ஏற்றி, பி.எஃப். பணத்துக்கும், விதவை ஓய்வூதியத்துக்கும், காப்பீட்டுக்கும் விண்ணப்பித்தார். காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு, 35-ஆல் பெருக்கி, கணக்கிலிருந்த சராசரித் தொகையில் பாதியை 1,75,000 ரூபாய் வரை அதோடு கூட்டிக் கொடுக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்காக அவர் எங்கும் அலையவில்லை. மூன்று வாரங்களில் முதல் தொகை வந்தது. நாமினி பதியும்போதே அந்தப் பெண்ணின் ஆதார், புகைப்படம் எல்லாம் சரிபார்த்து ஏற்றியிருந்ததால் எந்தத் தடையும் வரவில்லை.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும். பி.எஃப்.-இல் பதிந்த நாமினி வேறெங்கும் செல்லாது. பணிக்கொடைக்கு நிறுவனத்திடம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் மூன்று பேர் வரையிலும், வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரையிலும் எழுதலாம்; ஒவ்வொன்றும் தனித்தனி. வேலை மாறியவர்கள் பழைய யு.ஏ.என். எண்ணிலேயே தொடர்கிறார்களா, இரண்டு எண்கள் உருவாகிவிட்டனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது எண்ணில் கிடக்கும் பணத்துக்கு முதல் எண்ணின் நாமினி உதவமாட்டார்.

என்னுடைய நாமினியை நான் கடைசியாக மாற்றியது என் மகளின் திருமணத்துக்குப் பிறகு. நாமினியே எழுதாமல் போனால் மணமான மகளுக்குப் பங்கில்லை என்ற 70-ஆவது பத்தி, எழுதி வைத்த நாமினியைக் கட்டுப்படுத்தாது. மணமான மகளும் குடும்பம்தான், பெயர் எழுதிவிட்டால் எழுதிய விழுக்காடு அவளுக்கே. கணவருக்கு 40, மகனுக்கு 30, மகளுக்கு 30 என்று நிரப்பிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அக்கா வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், மகளின் உறவு என்ற கட்டத்தில் நான் பதிந்ததை விரலால் தொட்டு, "கட்டிக் குடுத்த பொண்ணையும் எழுதலாமா கண்ணு?" என்று கேட்டார். எழுதலாம் அக்கா என்றேன். ஓ.டி.பி. வந்தது, எண்களை அவர்தான் கைபேசியில் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்.